சிறைப்பட்ட வாலிபரின் சிநேகிதர்: அர்ச். தொன் போஸ்கோ



தொன் போஸ்கோ என்றதும் உங்கள் கண்முன் வருவது என்ன? சிரித்த முகத்துடன் சிறுவரை அணைத்து நிற்கும் ஒரு குருவானவரின் சுரூபம், அவர் பேரால் நடக்கும் பள்ளிக்கூடம், கைத்தொழில் சாலை, மாலை வேளையில் பிள்ளைகள் பந்தாடும் மைதானம். ஒவ்வொரு வருடமும் ஜனவரி 31-ந் தேதி அவர் திருநாளைக் கொண்டாடும்போது, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து மகிழ்கிறோம். இதெல்லாம் நல்லதே. ஆனால் இந்தப் பெரிய மரத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று எப்போதாவது கேட்டதுண்டா? அது பள்ளிக்கூடத்திலும் இல்லை, மைதானத்திலும் இல்லை. அது சிறைச்சாலையில் இருக்கிறது. அந்தக் கதையை இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் பிரியப்படுகிறேன்.

ஜான் போஸ்கோ 1815-ம் ஆண்டு ஆகஸ்ட் 16-ந் தேதி இத்தாலியின் வடபகுதியான பியத்மோந்து நாட்டில், பெக்கி என்ற சிற்றூரில் பிறந்தார். குடும்பம் ஏழைக் குடியானவர் குடும்பம். பிள்ளைக்கு இரண்டு வயது நிறையுமுன் தகப்பனார் காய்ச்சல் கண்டு மரித்தார். தாயார் மார்கரீத்தம்மாள் எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் ஜெபமும் வேலையும் அறிந்தவள். அவளே வீட்டையும் வயலையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டாள். ஜான் சிறு வயதிலேயே பிறர் பண்ணையில் கூலிக்கு இருந்தார். பிறகு படிப்புக்காகத் தையற்கடையிலும் காப்பிக் கடையிலும் வேலை செய்தார். அப்படிக் கஷ்டப்பட்டுப் படித்து, 1841-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி தூரின் நகரில் குருப்பட்டம் பெற்றார். குருமாரை அந்நாட்டில் தொன் என்று மரியாதையாக அழைப்பது வழக்கம். அதனால் அவர் தொன் போஸ்கோ ஆனார்.

புதுக் குருவானவருக்கு நல்ல சம்பளத்தோடு வேலைகள் காத்திருந்தன. அவர் அவற்றை ஒதுக்கிவிட்டு, தூரினில் இருந்த குருக்கள் இல்லத்தில் மேலும் படிக்கச் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசிரியராகவும் ஆத்தும குருவாகவும் வாய்த்தவர் அவருடைய சொந்த ஊர்ப் பகுதியைச் சேர்ந்த சூசை கபாஸோ சுவாமியார். முதுகு வளைந்து, உடல் குறுகி, பார்வைக்கு எளியவராக இருந்த இந்தக் குருவானவரைத் தூரின் ஜனங்கள் தூக்குமேடைக் குருவானவர் என்றே அழைத்தார்கள். மரண தண்டனை பெற்ற ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கடைசி நாழிகைவரை கைவிடாமல் உடன் சென்று, நல்ல மரணத்துக்கு ஆயத்தம் செய்தவர் அவர். சிறைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகமாட்டார். ரொட்டி, பழம், புகையிலை ஏதாவது அங்கியின் மடியில் இருக்கும். திரும்பி வரும்போது அதே அங்கியில் சிறைச்சாலையின் பேன்கள் இருக்கும். அதைப்பற்றி அவர் முறையிட்டதில்லை.

இந்தக் குருவானவர்தான் தொன் போஸ்கோவைத் தம்மோடு சிறைகளுக்கு அழைத்துப் போனார்.

வாசகரே, அந்தச் சிறைகளின் நிலைமையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தூரின் அப்போது ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் குடியிருந்த பட்டணம். புதுப் புது வீடுகளும் தொழிற்சாலைகளும் எழும்பிக்கொண்டிருந்தன. மலைநாட்டுக் கிராமங்களிலிருந்து வேலை தேடிப் பையன்கள் நடந்தே வந்து சேர்ந்தார்கள். கொத்தனாருக்குக் கல் சுமப்பார்கள், புகைக்கூண்டு துடைப்பார்கள், வேலை இருந்தால் சாப்பாடு, இல்லாவிட்டால் தெரு. பசிக்கு ஒன்றை எடுத்தாலும், குடித்துச் சண்டை போட்டாலும், தங்க இடமின்றித் திரிந்தாலும் சிறை. உள்ளே சென்றபின் திருட்டில் தேர்ந்தவனோடும் கொலை செய்தவனோடும் ஒரே அறையில் அடைபட்டார்கள். செய்ய வேலை கிடையாது. கற்றுக்கொள்ள எழுத்து கிடையாது. பூச்சிக்கடியும் பசியும் ஒருபுறம்; கெட்ட பேச்சு மறுபுறம். சிறிய திருட்டுக்கு உள்ளே போன பையன் பெரிய திருட்டின் பாடங்களையெல்லாம் படித்துக்கொண்டு வெளியே வந்தான்.

தொன் போஸ்கோ தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருப்பது இதுதான்: பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட, உடல் நலமுள்ள, கூர்மையான புத்தியுள்ள பையன்கள் கூட்டங்கூட்டமாக அங்கே சோம்பிக் கிடப்பதைக் கண்டு அவர் நடுங்கிப்போனார். அநேகர் அங்கே கண்ணீர் விட்டு அழுவார்கள். இனி நல்ல வழியில் நடப்போம் என்று உறுதி சொல்லுவார்கள். தண்டனைக் காலம் முடிந்து வெளியே போவார்கள். கொஞ்ச நாள் கழித்துச் சிறைக்குப் போனால், அதே முகங்கள் அங்கே திரும்ப வந்திருக்கும்.

இது ஏன் என்று அவர் யோசித்தார். பையன்கள் பொய் சொன்னார்களா? இல்லை. அவர்களுடைய மனஸ்தாபம் உண்மையானதுதான். ஆனால் சிறைக் கதவைத் தாண்டியதும் அவர்களுக்குப் போக இடமில்லை. கூப்பிட ஒருவருமில்லை. சிறையிலிருந்து வந்தவன் என்று தெரிந்தால் வேலை கொடுப்பாரில்லை. பழைய கூட்டாளிகள் மாத்திரம் கைநீட்டிக் காத்திருந்தார்கள். வெளியே இவர்களை நேசிக்கும் ஒரு சிநேகிதன் இருந்து, ஞாயிறுதோறும் கூப்பிட்டு, வேலை தேடிக்கொடுத்து, வேதம் சொல்லிக்கொடுத்தால், இவர்களில் பலர் மறுபடி இங்கே வரமாட்டார்களல்லவா என்று அவர் தமக்குள் கேட்டுக்கொண்டார். இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் அவருடைய ஜீவியகாலத்து வேலையெல்லாம் முளைத்தது. கபாஸோ சுவாமியாரோடு கலந்து பேசி, அவர் ஆலோசனைப்படி அதற்கு வழி தேடத் தொடங்கினார்.

அவர் மனதைக் கலக்கிய இன்னொரு சம்பவத்தை அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். சிறையில் அவருக்குப் பழக்கமாயிருந்த இருபத்திரண்டு வயது வாலிபன் ஒருவனும் அவன் தகப்பனும் மரண தண்டனை பெற்றார்கள். தண்டனை அலெஸ்ஸாந்திரியா பட்டணத்தில் நிறைவேற வேண்டும். வாலிபன் தொன் போஸ்கோவைத் தன்னோடு வரும்படி மன்றாடினான். அவருக்கோ மனம் துணியவில்லை. கபாஸோ சுவாமியார், மறுப்பது கொடுமையல்லவா என்று எடுத்துச் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். இரவெல்லாம் தொன் போஸ்கோ அந்த வாலிபனோடு இருந்தார், ஜெபித்தார், அவனைத் தேற்றினார். ஆனால் விடிந்தபின், தூக்குமேடை கண்ணுக்குத் தெரிந்தபோது, அவர் முகம் வெளிறி மயங்கி விழுந்தார். கபாஸோ சுவாமியாரிடமிருந்த அந்த வரம் தமக்கில்லை என்பதை அவர் கண்டுகொண்டார். ஒருவர் தூக்குமேடைவரை உடன் நடக்க அழைக்கப்பட்டார். மற்றவர் அந்த மேடைக்குப் போகும் பாதையை இளமையிலேயே அடைக்க அழைக்கப்பட்டார். சர்வேசுரனுடைய தோட்டத்தில் இரண்டு வேலையும் வேண்டியதே.

1841-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி, அமலோற்பவ மாதா திருநாளன்று, அசீசி நகர் அர்ச். பிரான்சீஸ்கு பேரால் விளங்கும் கோவிலில் தொன் போஸ்கோ பூசைக்கு உடுத்திக்கொண்டிருந்தார். குளிருக்கு ஒதுங்கி உள்ளே வந்த ஒரு பையனைப் பூசைக்கு உதவி செய்யச் சொன்னான் கோவில்பிள்ளை. தெரியாது என்றான் பையன். தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று கோவில்பிள்ளை தூசி தட்டும் கோலால் அவனை அடித்துத் துரத்தினான். தொன் போஸ்கோ அதைக் கண்டு, அவன் என் சிநேகிதன், திரும்பக் கூப்பிடு என்று கட்டளையிட்டார். பையனின் பேர் பர்த்தொலொமேயோ கரெல்லி, வயது பதினாறு, தாய் தகப்பனில்லாத கொத்து வேலைக்காரன், எழுத்தும் தெரியாது, ஜெபமும் தெரியாது. உனக்குப் பாடத் தெரியுமா என்று கேட்டார், தெரியாது. சீட்டியடிக்கத் தெரியுமா என்று கேட்டார்; பையன் சிரித்துவிட்டான். அன்று அவர்கள் இருவரும் முழந்தாளிட்டு ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லி முதல் ஞானோபதேசத்தைத் தொடங்கினார்கள். அடுத்த ஞாயிறு பையன் சில கூட்டாளிகளோடு வந்தான். பிறகு கூட்டம் பெருகியது. அதில் சிறையிலிருந்து விடுதலையாகி வந்த வாலிபரும் இருந்தார்கள்.

இந்தப் பையன்களின் கூட்டத்தை ஊர் எப்படி ஏற்றுக்கொண்டது என்று நினைக்கிறீர்கள்? இன்று நாம் அவரைப் பீடத்தின்மேல் வைத்திருக்கிறோம். அன்று அவரை ஒரு தெருவிலும் நிலையாக இருக்கவிடவில்லை. இரைச்சல் என்றார்கள் சிலர். திருடர் கூட்டம் என்றார்கள் வேறு சிலர். கல்லறைத் தோட்டம், மாவு மில், வாடகை அறை, கடைசியில் புல்வெளி என்று அவர் பையன்களோடு ஊரைச் சுற்றினார். நகரத்தின் காவல் அதிகாரி இது அரசாங்கத்துக்கு விரோதமான கூட்டமோ என்று சந்தேகித்துக் கலைக்கப் பார்த்தார். உடன்குருக்கள் சிலர் இவருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றெண்ணி, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் முயன்றார்கள். கடைசியாக 1846-ம் ஆண்டு பாஸ்கு திருநாளன்று, வால்தொக்கோ என்ற புறநகரில் பினார்தி என்பவருடைய தாழ்ந்த கொட்டகை ஒன்று அவருக்கு நிலையான இடமாகக் கிடைத்தது. அவ்வருடம் நவம்பரில் மார்கரீத்தம்மாள் தன் ஊரையும் வீட்டையும் விட்டு மகனோடு அங்கே குடிவந்தாள். செலவுக்குக் காசில்லாதபோது தன் கலியாண உடைகளையும் பொன் சங்கிலியையும் கொடுத்தாள்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். நல்லது செய்யப்போனால் நன்றிதான் கிடைக்கும் என்று யாரும் நினைக்கவேண்டாம். தெருவில் கிடந்த சில பையன்களுக்குத் தொன் போஸ்கோ முதன்முதலில் வைக்கோற் பரணில் படுக்க இடம் கொடுத்தார். துப்பட்டியும் கம்பளியும் கொடுத்தார். காலையில் போய்ப் பார்த்தால் பையன்களையும் காணோம், கம்பளியையும் காணோம். நம்மில் யாராயிருந்தாலும் அத்தோடு கதவைச் சாத்தியிருப்போம். 1847-ம் ஆண்டு மே மாதத்தில் மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டு ஓர் அநாதைப் பையன் வாசலுக்கு வந்தான். கையிலிருந்த மூன்று லீரா காசும் செலவாகி, வேலையும் கிடைக்காதவன். தாயும் மகனும் செங்கல்லின்மேல் பலகை போட்டு அவனுக்குச் சமையலறையில் படுக்கை செய்தார்கள். பானை சட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று மார்கரீத்தம்மாள் கேட்காமலில்லை. அதனால் இரவில் கதவைப் பூட்டிவைத்தார்கள். படுக்குமுன் அவள் அவனுக்கு உழைப்பையும் உண்மையையும் வேதத்தையும் பற்றிச் சில வார்த்தை சொன்னாள். வாசகரே, இதைக் கவனியுங்கள்: அவர்கள் சமையலறையைப் பூட்டினார்கள், ஆனால் பையனை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். முன்யோசனையும் இரக்கமும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

படுக்கையும் சாப்பாடும் போதாது, கையில் தொழிலும் வேண்டும் என்று அவர் கண்டார். தொழில் கற்கப் போன பையன்களை முதலாளிகள் எப்படி நடத்தினார்கள் என்று வேலைத்தலத்துக்கே போய் விசாரித்தார். 1850-க்குப் பின் முதலாளியோடு எழுத்து மூலமான உடன்படிக்கைகள் செய்தார். தொழிலை ஒழுங்காகக் கற்பிக்கவேண்டும், வாரக்கூலி கொடுக்கவேண்டும், தொழிலுக்குச் சம்பந்தமில்லாத எடுபிடி வேலை வாங்கக்கூடாது, ஞாயிறும் கடன் திருநாளும் ஓய்வு விடவேண்டும், குற்றம் செய்தால் வாயால் திருத்தவேண்டும், அடிக்கக்கூடாது. பிறகு தம் இல்லத்திலேயே 1853-ல் செருப்புத் தைக்கவும் உடை தைக்கவும், அதன்பின் புத்தகம் கட்டவும் தச்சு வேலைக்கும் அச்சு வேலைக்கும் தொழிற்கூடங்கள் ஏற்படுத்தினார். சிறைக்குப் போகவேண்டிய கைகள் அங்கே உளி பிடித்தன.

இதற்கிடையில் அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. வாலிபரைப் பெரியவர்களோடு அடைப்பது கேடு என்றறிந்து, 1845-ம் ஆண்டு தூரினுக்கு வெளியே, ஸ்தூப்பினீஜி போகும் பாதையில், அவர்களுக்கென்று தனிச் சீர்திருத்தச் சிறையைத் திறந்தது. அதற்கு ஜெனெராலா என்று பேர். இரவில் ஒவ்வொருவனும் தனி அறையில். பகலில் எல்லாரும் ஒன்றாக, ஆனால் மௌனமாக வேலை. பழைய சிறைகளோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றந்தான். தொன் போஸ்கோ அங்கேயும் போய் ஞானோபதேசம் சொன்னார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், விடுதலையானவர்களைத் தம் இல்லத்தில் சேர்த்துக்கொண்டார்.

அவருடைய சபையார் எழுதிவைத்த சரித்திரத்தில் 1855-ம் ஆண்டைச் சேர்ந்ததாக ஒரு கதை உண்டு. ஜெனெராலாவில் தியானம் கொடுத்து முடித்தபின், அந்த வாலிபருக்கு ஒரு நாள் வெளியுலகத்தைக் காட்ட ஆசைப்பட்டாராம். அப்போது மந்திரியாயிருந்த ரத்தாத்ஸி என்பவர் மடங்களை ஒழிக்கும் சட்டத்துக்குத் துணைநின்றவர், குருக்களுக்குச் சிநேகிதரல்லர். ஆயினும் அவர் சம்மதித்து, மாறுவேடத்தில் காவலர்களை அனுப்புவதாகச் சொன்னாராம். காவலர் ஒருவரும் வேண்டாம் என்றாராம் தொன் போஸ்கோ. ஏறக்குறைய 300 பேர் ஸ்தூப்பினீஜி அரண்மனைப் பூங்காவரை நடந்து போய், பூசை கண்டு, சாப்பிட்டு, விளையாடி, மாலையில் திரும்பினார்கள். தலை எண்ணியபோது ஒருவனும் குறையவில்லை. அரசாங்கத்தால் ஏன் இப்படிச் செய்யமுடியவில்லை என்று மந்திரி கேட்டதற்கு, அரசாங்கத்துக்குக் கட்டளையும் தண்டனையுந்தான் உண்டு, எங்களுக்கோ இருதயத்தோடு பேச வழியுண்டு என்று மறுமொழி சொன்னாராம். இந்தக் கதையின் விவரங்களெல்லாம் நடந்தபடியே நமக்கு வந்து சேர்ந்தனவா என்று இக்காலச் சரித்திர ஆசிரியர் ஐயுறுவதுண்டு. ஆனால் அவர் வாலிபரை நம்பினார் என்பதும், நம்பப்பட்டவர்கள் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றப் பாடுபட்டார்கள் என்பதும் வால்தொக்கோவில் தினந்தோறும் நடந்த காரியம்.

1859-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி அவர் சலேசிய சபையை ஏற்படுத்தினார். 1877-ல் தம் முறையைப்பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பிள்ளைகளை நடத்த இரண்டு வழி உண்டு. ஒன்று, சட்டத்தைச் சொல்லிவிட்டு, மீறுகிறவனைப் பிடிக்கக் காத்திருப்பது. இது சுலபம், பட்டாளத்துக்குப் பொருந்தும். மற்றொன்று, தவறு நேராதபடி முன்கூட்டியே அருகில் இருப்பது. இதற்கு நியாயமும் வேதமும் அன்பும் மூன்று தூண்கள். இது நடத்துகிறவனுக்குக் கஷ்டம்; பிள்ளைக்கு இலகு. அடுத்த வருடம் பிப்ரவரியில் உள்நாட்டு மந்திரியாயிருந்த கிறீஸ்பிக்கும் இதைப்பற்றி ஒரு குறிப்பு அனுப்பினார். வேலை தேடிப் பட்டணத்துக்கு வந்தவர்கள், பெற்றோரில்லாதவர்கள், பெற்றோர் இருந்தும் கவனிக்கப்படாதவர்கள், போலீஸ் கையில் சிக்கியும் இன்னும் கெட்டுப்போகாதவர்கள்: இவர்களே ஆபத்தில் இருப்பவர்கள் என்று வகைப்படுத்தி, விளையாட இடம், இராப் பள்ளிக்கூடம், தங்க இல்லம், கற்கத் தொழில் இவற்றைக் கேட்டார். மருந்துக்குச் செலவிடுவதைவிட நோயைத் தடுக்கச் செலவிடுவது மேல் என்பது அவர் சொன்னதன் சாரம்.

1888-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி அவர் மரித்தார். 1906-ல் அவருடைய சபையார் இந்தியாவில் முதன்முதல் வந்து இறங்கியது நம் தஞ்சாவூரில்தான் என்பதை நினைவில் வையுங்கள். 1934-ல் 11-ம் பத்திநாதர் பாப்பரசர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் கொடுத்தார். கபாஸோ சுவாமியாருக்கு 1947-ல் 12-ம் பத்திநாதர் அதே மகிமையைக் கொடுத்தார். ஜெனெராலா இருந்த இடத்தில் இன்றும் தூரினின் இளைஞர் சிறை இருக்கிறது. அதற்கு இப்போது வேறு பேர். 2014-ம் ஆண்டின் சட்டப்படி, 18 வயது நிறையுமுன் குற்றம் செய்தவர்களை இத்தாலியில் 25 வயதுவரை இப்படிப்பட்ட இளைஞர் சிறைகளிலேயே வைத்திருக்கலாம். இருபது வயதுக்காரனையும் தேர்ந்த குற்றவாளிகளோடு சேர்க்காமலிருப்பது நல்லது என்று அந்நாடு கண்டிருக்கிறது. நூற்றெழுபது வருடங்களுக்கு முன் ஒரு குருவானவர் சிறையறையில் நின்று கண்டதும் அதுவே.

இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன். சிறையின் சுவரைக் கட்டுவதும் சட்டத்தை எழுதுவதும் உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. ஆனால் விடுதலையான மறுநாள் நம் கையில்தான் இருக்கிறது. நம் பங்கைச் சேர்ந்த ஒரு வாலிபன் தண்டனை முடிந்து ஊர் திரும்பினால், ஞாயிறு பூசையில் அவன் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? கடை வைத்திருப்பவர் அவனுக்கு வேலை கொடுப்பாரா? அவன் தாயார் கிணற்றடிக்கு வரும்போது பேச்சை நிறுத்திவிடாமல் நலம் விசாரிக்கிறவர்கள் எத்தனை பேர்? காவலில் இருந்தபோது நம்மைப் பார்க்க வந்தீர்களா என்று நம் ஆண்டவர் கடைசி நாளில் கேட்கப்போகிறார். அந்தக் கேள்விக்குச் சிறைவாசல்வரை போய்த்தான் பதில் தேடவேண்டும் என்பதில்லை. சிலருக்கு அது சொந்தத் தெருவிலேயே காத்திருக்கிறது.

பயமாயிருந்தால் சமையலறையைப் பூட்டிக்கொள்ளுங்கள். அர்ச்சியசிஷ்டவரின் தாயாரும் பூட்டினாள். ஆனால் பையனை மழையில் நிறுத்திவிடாதீர்கள்.